கனசாவாவின் வட்ட அருங்காட்சியகம்: குடும்பத்தோடு போகலாமா?

ஏப்ரல் நடுவில் அப்பா, அம்மா, ஒன்பது வயது மகளோடு ஜப்பான் போகிறீர்கள். கனசாவாவில் ஒரு பகலும் ஓர் இரவும் இருக்கிறது, அப்புறம் ஹிரோஷிமா. கனசாவாவில் இருக்கும் ‘21ஆம் நூற்றாண்டு சமகாலக் கலை அருங்காட்சியகம்’ பார்க்க வேண்டிய இடமா, நவீன கலையைப் பற்றி ஒன்றும் தெரியாத வீட்டுப் பெரியவர்களுக்குச் சலிப்பாக இருக்குமா, அங்கே பேர்போன நீச்சல் குளப் படைப்பை மட்டும் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு அரை மணியில் கிளம்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். ஆனால் அரை மணிக் கணக்கு வேண்டாம். அந்த இடத்தை ஒரே நாளில் இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது. காலையில் டிக்கெட் வாங்கி உள்ளே ஒரு தடவை. பொழுது சாயும்போது டிக்கெட் இல்லாமல் இன்னொரு தடவை. இரண்டாவது தடவை போனவர்கள்தான் அந்த அருங்காட்சியகத்தை உண்மையில் பார்த்தவர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். கனசாவா ஜப்பான் கடலோரத்தில், இஷிகாவா மாகாணத்தின் தலைநகரம். மயேதா குடும்பம் பல தலைமுறைகளாக ஆண்ட பணக்காரப் பகுதி. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குத் தப்பிய ஊர் என்பதால் பழைய சாமுராய் தெருக்களும் தேநீர் விடுதித் தெருக்களும் அப்படியே நிற்கின்றன. ஜப்பானில் செய்யப்படும் தங்க ரேக்கில் கிட்டத்தட்ட முழுவதும் இங்கேதான் தட்டப்படுகிறது. பட்டுச் சாயம், அரக்கு, பீங்கான் என்று கைவினைதான் ஊரின் பெருமை. இப்படிப்பட்ட ஊர் நடுவே, கோட்டைக்கும் கென்ரோகுயென் தோட்டத்துக்கும் பக்கத்தில், இன்றைய கலைக்கென்று ஓர் அருங்காட்சியகம் கட்டத் துணிந்தது நகராட்சி. அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1990களில் பல்கலைக்கழகம் கோட்டை வளாகத்தை விட்டுப் புறநகருக்குப் போனது. அதைச் சேர்ந்த பள்ளிகள் போயின. 2003இல் மாகாண அரசு அலுவலகமும் இடம் மாறியது. ஊரின் நடுப்பகுதி ஆளரவம் குறைந்து வந்தது. பள்ளிக்கூடம் இருந்த அந்தக் காலி இடத்தில்தான் 2004 அக்டோபர் 9ஆம் தேதி இந்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

திறந்த உடனே அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஊரிலுள்ள தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரையும், ஏறக்குறைய நாற்பதாயிரம் குழந்தைகளை, அழைத்து வந்து காட்டினார்கள். முதல் இயக்குநராக இருந்த மினோ யுதகா இதில் மிகவும் பிடிவாதமாக இருந்தவர். வந்த பிள்ளைகளின் கையில் ‘இன்னொரு தடவை’ சீட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சீட்டோடு பிள்ளை திரும்ப வரும், கூடவே அப்பாவோ பாட்டியோ வருவார்கள். கலை அருங்காட்சியகத்தின் வாசலையே மிதிக்காத பெரியவர்களைக் குழந்தைகள் கைப்பிடித்து உள்ளே இழுத்து வந்தார்கள். பிறகு இது நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆண்டுதோறும் நடக்கும் ஏற்பாடாக நிலைத்துவிட்டது. உங்கள் மகளுக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். ‘குழந்தைக்கு ஒத்துவருமா’ என்ற உங்கள் தயக்கத்துக்கு அந்த ஊர் இருபது வருடத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது.

சரி, கட்டடத்துக்கு வருவோம். செஜிமா கசுயோ, நிஷிசாவா ரியூயே என்ற இருவர் சேர்ந்து நடத்தும் ‘சானா’ என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. இதற்காக 2004இல் ‘பினாலே’ எனப்படும் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் தங்கச் சிங்க விருது கிடைத்தது. 2010இல் இருவருக்கும் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு. ஆனால் நேரில் போய் நின்றால் பிரமிக்க வைக்கும் எதுவும் இருக்காது. கோபுரம் கிடையாது, படிக்கட்டு கிடையாது. 112.5 மீட்டர் விட்டத்தில், தரையோடு தரையாக ஒரு தட்டையான வட்டம். சுற்றிலும் கண்ணாடிச் சுவர். முன்வாசல், பின்வாசல் என்ற பேச்சே இல்லை. தெருவின் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நுழைய வசதியாக நான்கு வாசல்கள். உள்ளே வெவ்வேறு அளவும் உயரமும் கொண்ட காட்சி அறைகள் வெள்ளைப் பெட்டிகளாகத் தனித்தனியே நிற்கின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள நடைகள்தான் தெருக்கள். இந்த நடைகளில் சிலவற்றின் ஒரு கோடியில் நின்று பார்த்தால் கட்டடம் முழுவதையும் ஊடுருவிக்கொண்டு பார்வை மறுபுறத்துப் புல்வெளி வரை போகும். நிற்பது உள்ளேயா, வெளியேயா என்ற சந்தேகம் அடிக்கடி வரும். உள்ளூர்க்காரர்கள் இதை ‘மருபீ’ என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். ‘மரு’ என்றால் வட்டம்.

இந்த வட்டம் இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. டிக்கெட் வேண்டிய கண்காட்சிப் பகுதி ஒன்று. யார் வேண்டுமானாலும் வந்து போகக்கூடிய பொதுப் பகுதி இன்னொன்று. கண்காட்சிப் பகுதி காலை 10 முதல் மாலை 6 வரை, வெள்ளி சனியில் இரவு 8 வரை. பொதுப் பகுதி காலை 9 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு கண்ணாடிக் கதவு மட்டும்தான். அதனால் டிக்கெட் வாங்கியவர்கள் வாங்காதவர்களையும், வாங்காதவர்கள் வாங்கியவர்களையும் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். நூலகத்தில் படிக்க வந்த கல்லூரி மாணவி, பள்ளிவிட்டுக் குறுக்கு வழியாக நடந்துபோகும் பையன்கள், முயல் காது வைத்த நாற்காலியில் சாய்ந்து ஓய்வெடுக்கும் தாத்தா எல்லாரும் அந்தக் காட்சியில் சேர்த்திதான். அந்த முயல் நாற்காலிகளும் சானா வடிவமைத்தவையே, உட்காரலாம்.

இப்போது அந்த நீச்சல் குளம். அர்ஜென்டினாவைச் சேர்ந்த லியாந்த்ரோ எர்லிச் 2004இல் செய்த படைப்பு. நடு முற்றம் ஒன்றில், சுற்றிலும் கல் பாவி, ஏணிப் பிடி வைத்து, அசல் நீச்சல் குளம் போலவே இருக்கிறது. எட்டிப் பார்த்தால் தண்ணீருக்கடியில் ஆட்கள் சட்டை துணியோடு நடமாடுவார்கள், மேலே பார்த்துக் கையசைப்பார்கள். சூட்சுமம் எளிது. கெட்டியான கண்ணாடிப் பலகையின் மேல் பத்து சென்டிமீட்டர் அளவுக்குத்தான் தண்ணீர். அதன் கீழே வெளிர்நீல வண்ணம் பூசிய வெற்று அறை. காற்றில் தண்ணீர் சலசலக்கும்போது கீழே இருப்பவர் உருவம் நெளிகிறது, மேலே நிற்பவரும் கீழிருந்து பார்த்தால் அப்படியே நெளிகிறார். ரகசியம் தெரிந்த பிறகும் கண் அதை நம்ப மறுக்கிறது என்பதுதான் இதிலுள்ள விசேஷம். மகள் கீழே, தாத்தா மேலே என்று பிரிந்து நில்லுங்கள். எல்லாரும் சேர்ந்தே போனால் பாதி சுகம் போய்விடும். அறிமுகமே இல்லாத ஒருவர் அடியிலிருந்து நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறார், நாமும் சிரிக்கிறோம். பேச்சு எதுவும் கிடையாது. பெரிய நகரங்களில் முன்பின் தெரியாதவர்கள் இப்படி முகம் பார்த்துச் சிரிப்பது எத்தனை அபூர்வம் என்று அங்கே நிற்கும்போது தோன்றும். ஆளே இல்லாத நேரத்தில் பார்த்தால் அது வெறும் தண்ணீர்த் தொட்டி. ஆட்கள் இருந்தால்தான் படைப்பு.

குளத்தைப் பார்ப்பதில் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு.  கீழே இறங்கக் கண்காட்சி டிக்கெட்டோடு தனியாக நேரப் பதிவும் வேண்டும்; அந்தந்த நாளுக்கான பதிவு அன்று காலையில்தான் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் தொடங்கும். விடுமுறை நாட்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் காலைக் காபிக்கு முன்பே போனைக் கையில் எடுங்கள். இரண்டாவது, மழையோ பனியோ பெய்தால் மேல் தளத்தை மூடிவிடுவார்கள். கனசாவாவில் மழைக்குப் பஞ்சமே இல்லை. ‘சாப்பாட்டுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே’ என்பது அந்தப் பக்கத்துப் பழமொழி. மழை வந்துவிட்டால் மனம் உடைய வேண்டாம். கீழ் அறையிலிருந்து பார்ப்பதே போதுமான அனுபவம், அதற்குத்தான் பதிவை முதலில் செய்யச் சொன்னேன்.

நவீன கலை தெரியாதே என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். நம்மில் பலருக்கு இந்தப் பயம் இருக்கிறது. ஓவியத்தின் முன்னால் நின்று ‘இது என்ன’ என்று கேட்கக் கூச்சம், கேட்டால் படிக்காதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம். இந்த அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக இருக்கும் படைப்புகளில் பெரும்பாலானவை எந்த முன்னறிவையும் கேட்பதில்லை. கண், காது, கால், கொஞ்சம் பொறுமை இவ்வளவுதான் கேட்கின்றன.

அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அனிஷ் கபூரின் அறை. கபூர் 1954இல் மும்பையில் பிறந்தவர், லண்டனில் வாழ்பவர். அந்த அறையில் கான்கிரீட் சுவர் ஒன்று சாய்வாக நிற்கிறது. அதன் மேல் பெரிய கரிய நீள்வட்டம். வேறு ஒன்றுமே இல்லை. உள்ளே நுழைந்தவர்கள் முதலில் ‘சுவரில் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள்’ என்று நினைப்பார்கள். இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்தால் அது வெளியே புடைத்திருப்பதுபோல் இருக்கும். இன்னும் இரண்டு அடி நகர்ந்தால் ஆழமான குழியாகத் தெரியும். ஒரு பொருளின் ஆழத்தை நம் கண் கணக்குப் போடுவது அதன்மேல் விழும் ஒளியையும் நிழலையும் வைத்துத்தான். அங்கே பூசியிருக்கும் அடர்ந்த நிறப்பொடி ஒளியை விழுங்கிவிடுகிறது. நிழலும் இல்லை, பளபளப்பும் இல்லை. கண்ணுக்குப் பிடிமானமே கிடைப்பதில்லை. ‘குழியா, மேடா, வெறும் வண்ணமா’ என்று அப்பாவும் மகளும் வாதாடட்டும். கலை வரலாறு படித்தவருக்கும் உங்கள் அம்மாவுக்கும் அந்த அறையில் ஒரே குழப்பம்தான் வரும். அந்தக் குழப்பத்துக்காகத்தான் அந்த அறையே. ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். கயிற்றைத் தாண்டிக் கை நீட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த அருங்காட்சியகத்தின் இதயம் பொதுப் பகுதியில், காசு கொடுக்காமலே நுழையக்கூடிய ஓர் அறையில் இருக்கிறது. ஜேம்ஸ் டரல் என்ற அமெரிக்கரின் படைப்பு, ‘நீலக் கோள் வானம்’ என்று பெயர். 1943இல் பிறந்தவர், கல்லூரியில் படித்தது புலனுணர்வு உளவியல், விமானமும் ஓட்டுபவர். வாழ்நாள் முழுக்க ஒளியை மட்டுமே வைத்து வேலை செய்தவர். சதுரமான அறை, சுவரையொட்டி நான்கு பக்கமும் உட்காரக் கல் இருக்கை, கூரையில் ஒரு சதுரத் திறப்பு. கண்ணாடி கிடையாது, நேராக வானம். மழை பெய்தால் நடுத்தரையில் மழை விழும், பனி பெய்தால் பனி விழும். ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் இரண்டு நிமிடத்தில் ‘கூரையில் ஓட்டை, அவ்வளவுதானே’ என்று எழுந்துபோகிறவர்கள் நிறைய. உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறொன்று நடக்கும். அந்தத் திறப்பின் விளிம்பைக் கத்தி முனைபோல மெலிதாகச் செதுக்கியிருக்கிறார்கள், கூரையின் கனம் கண்ணில் படாது. கனம் தெரியாததால் வானம் எட்டாத உயரத்தில் இருப்பதாகத் தோன்றாமல், கூரையோடு கூரையாக ஒட்டிய நீலத் துணிபோல இறங்கி வந்துவிடுகிறது. மேகம் ஒன்று ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் மறையும்வரை கண் அதோடு போகும். பொழுது சாயும்போது அறைக்குள் மெல்லிய விளக்கொளி சுவரில் ஏறும். வெளியே ஒளி இறங்கும். இரண்டும் சமமாகும் நேரத்தில் அந்தச் சதுரம் முதலில் பளிச்சென்ற நீலமாகி, அடர்நீலமாகி, கடைசியில் மைக்கறுப்பாக இறுகும். ஒவ்வொரு மாற்றமும் எப்போது நடந்தது என்று பிடிக்கவே முடியாது. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் வானம் அவ்வளவு கறுப்பாக இருக்காது, அங்கே இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும். அப்போதுதான் நாம் தினமும் பார்க்கும் நிறத்தில் பாதி நம் கண் உண்டாக்குவது என்பது உறைக்கும். ஒரு குளிர்கால மாலையில் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் கால்மணி நேரமாக ஒரு வார்த்தை பேசாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையில் போன் ஒலித்தும் எடுக்கவில்லை.

ஏப்ரல் நடுவில் அங்கே சூரியன் மறைவது மாலை ஆறரையை ஒட்டி. அதனால் ஆறு மணிக்கு முன்பே அந்த அறையில் இடம் பிடித்து ஏழு மணி வரை இருங்கள். இரண்டாம் தடவை வரச் சொன்னது இதற்காகத்தான். குளிரும் என்பதால் பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் அவசியம், கல் இருக்கையில் விரிக்க ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் புல்வெளியில் ஓலஃபுர் எலியாசன் 2010இல் அமைத்த வண்ணக் கண்ணாடிச் சுவர்கள் இருக்கும். நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று வளைந்த சுவர்கள் ஒன்றுக்குள் ஒன்று சுழல்கின்றன. அச்சகத்தில் வண்ணப் படம் அச்சடிக்கப் பயன்படுத்தும் அதே மூன்று மை நிறங்கள். இரண்டு கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் இடத்தில் மூன்றாவது நிறம் பிறக்கும். நீங்கள் நடக்க நடக்க ஊரின் நிறம் மாறும், உள்ளே நிற்கும் உங்கள் மகளின் நிறமும் மாறும். பகலில் ஒரு விதம். இருட்டிய பிறகு நடுவிலிருக்கும் விளக்கு எரியும்போது இன்னொரு விதம். இதற்கும் டிக்கெட் கிடையாது.

அதே புல்வெளியைச் சுற்றி, குழாய் முளைத்தாற்போல வாய் விரிந்த ஊதுகுழல்கள் பன்னிரண்டு நிற்கின்றன. ஃப்ளோரியான் கிளார் என்பவரின் படைப்பு. இரண்டிரண்டாகப் பூமிக்கடியில் குழாயால் இணைத்திருக்கிறார்கள், ஆனால் பக்கத்திலிருப்பது ஜோடியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றில் வாய் வைத்துப் பேசினால் எங்கோ தள்ளியிருக்கும் இன்னொன்றில் கேட்கும். எதில் என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. தாத்தாவை ஒரு குழலருகே நிறுத்தி ஏதாவது பேசிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். மகள் ஒவ்வொன்றாகக் காது வைத்து ஓடிவரட்டும். நான் கூட்டிப்போன குழந்தைகள் எல்லாரும் இங்கிருந்து கிளம்ப மறுத்தவர்கள்தான். குளத்தை மறந்துவிடுவார்கள், இதை மறப்பதில்லை.

உள்ளே இன்னும் சில. பேட்ரிக் பிளாங்கின் செடிச் சுவர் ஒன்று முற்றத்தின் குறுக்கே நிற்கிறது, கனசாவாவின் மழைக்கும் குளிருக்கும் தாங்கும் செடிகளாகப் பார்த்து மண்ணில்லாமல் வளர்த்திருக்கிறார். கூரை மேல் ஒரு பொன்னிற மனிதன் ஏணியில் நின்று அளவுகோலை வானத்தை நோக்கிப் பிடித்திருப்பான், மேகத்தை அளக்கிறானாம். இதைச் செய்தவர் பெல்ஜியத்தின் யான் ஃபாப்ர். பொதுப் பகுதியில் மைக்கேல் லின் வரைந்த பூச்சுவரை விட்டுவிடாதீர்கள். அந்த ஊரின் ‘காகா யூசென்’ பட்டுச் சாயப் பூக்களைப் பெரிதாக்கிச் சுவர் முழுக்கப் படரவிட்டிருக்கிறார், முன்னால் அதே பூக்கள் போட்ட ஆடும் நாற்காலிகள். அம்மாவுக்கு இங்கேதான் மனம் பொருந்தும் என்று நினைக்கிறேன். புடவைக் கரையைப் பார்த்து ரசிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பூக்களின் நிறச் சேர்க்கையில் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

இவை தவிர மாறிக்கொண்டே இருக்கும் கண்காட்சிகளும் உண்டு. 1980க்குப் பிறகு படைக்கப்பட்டவற்றைத்தான் இந்த அருங்காட்சியகம் முதன்மையாகச் சேகரிக்கிறது. அதற்கு முன்னோடியாக இருந்த சிலவும், கனசாவாவோடு தொடர்புள்ளவையும் சேரும். நீங்கள் போகும் நாளில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து டிக்கெட் விலையும் மாறும். எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஓர் அறை பிடிக்கவில்லையென்றால் அடுத்ததற்குப் போங்கள், வீடியோ படைப்பு நீளமாக இருந்தால் எழுந்துவிடுங்கள். படமெடுக்கலாமா கூடாதா என்பது அறைக்கு அறை வேறுபடும், வாசலில் குறி போட்டிருப்பார்கள்.

நிலநடுக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்து அங்கே போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2024 ஜனவரி 1 மாலை நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவு நிலநடுக்கம் வந்தது. அந்தத் தீபகற்பத்தின் ஊர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. கனசாவாவில் அவ்வளவு சேதமில்லை, ஆனாலும் இந்த அருங்காட்சியகத்தின் காட்சி அறைகளில் கூரைக் கண்ணாடிகள் விழுந்தன. முதலில் பொதுப் பகுதியை மட்டும் திறந்தார்கள். சீரமைப்பு முடிந்து ஜூன் 22இல்தான் கண்காட்சிப் பகுதி திறந்தது. ஊர் இயல்பாக இயங்குகிறது. அந்த மாகாணத்துக்குப் பயணிகள் போவது அங்குள்ள கடைக்காரர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் நல்லது.

உங்கள் ஒரு நாளை நான் இப்படிப் பிரிப்பேன். காலையில் குளத்துக்கு நேரப் பதிவு செய்துவிட்டு, பத்து மணிக்கு அருங்காட்சியகம் திறக்கும்போதே உள்ளே போங்கள். கபூர் அறை, குளம், அன்றைய கண்காட்சி, பூச்சுவர் என்று நிதானமாகப் பார்க்க இரண்டு, இரண்டரை மணி நேரம். சாப்பாட்டுக்குப் பிறகு சாலையைக் கடந்தால் கென்ரோகுயென். ஜப்பானின் மூன்று பேர்பெற்ற தோட்டங்களில் ஒன்று. ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரி பூத்துக் குலுங்கும், நடுவில் போனால் கடைசிப் பூக்களாவது கிடைக்கலாம். பெரியவர்களுக்குக் கால் வலித்தால் தோட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, நடக்கும் தூரத்திலேயே இருக்கும் டி.டி. சுசுகி நினைவு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஜென் தத்துவத்தை மேற்குக்கு அறிமுகப்படுத்திய அறிஞர் பிறந்த ஊர் இது. தனிகுச்சி யோஷியோ கட்டிய சிறிய கட்டடம், நடுவில் அசையாத தண்ணீர்ப் பரப்பு. அதற்குப் பின் விடுதிக்குப் போய்க் கொஞ்சம் படுத்து எழுந்து, ஆறு மணிக்கு முன் வட்டத்துக்குத் திரும்புங்கள். டரல் அறை, பிறகு வண்ணச் சுவர். ஊதுகுழல் விளையாட்டைப் பகலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை மட்டும் இந்தத் திட்டம் நடக்காது. கண்காட்சிப் பகுதிக்கு அன்று விடுமுறை, குளமும் இல்லை. திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் திறந்துவைத்து அடுத்த வேலை நாளில் மூடுவார்கள். டிக்கெட் போடும் முன் ஒரு தடவை தேதியைச் சரிபாருங்கள், பராமரிப்புக்காகவும் சில நாட்கள் மூடுவது உண்டு.

டோக்கியோவிலிருந்து ஹொகுரிகு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் நேராக வருகிறது, வேகமான வண்டியில் இரண்டரை மணி நேரம். 2015இல் இந்த ரயில் வந்த பிறகுதான் கனசாவாவில் வெளியூர்க் கூட்டம் பெருகியது. நிலையத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம்போல ஆகும், இறங்க வேண்டிய நிறுத்தம் ‘ஹிரோசாகா’. பெரிய பெட்டிகளை நிலையத்து லாக்கரிலோ விடுதியிலோ போட்டுவிடுங்கள். ஹிரோஷிமா போகும்போது இரண்டு இடத்தில் மாற வேண்டியிருக்கும்: 2024 மார்ச்சிலிருந்து ஷின்கான்சென் த்சுருகா வரை நீண்டிருக்கிறது, அங்கே தண்டர்பேர்ட் விரைவு ரயிலுக்கு மாறி ஷின்-ஒசாகா, அங்கிருந்து மறுபடி ஷின்கான்சென். த்சுருகாவில் மாறுவதற்கான நேரம் குறைவு, பெரியவர்களோடு போகும்போது லிஃப்ட் எங்கே என்று முன்கூட்டியே பார்த்து அதற்கு நெருங்கிய பெட்டியில் இடம் எடுங்கள்.

சாப்பாடு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் பெற்றோர் சைவமாக இருந்தால் ஒரு வார்த்தை. கனசாவா மீன் ஊர். காய்கறிக் குழம்பு, உடோன் என்ற கோதுமை நூடுல்ஸ் எல்லாவற்றிலும் மீன் சேர்த்த சாறு இருக்கும். ரொட்டி, பழம், கையில் கொண்டுபோன புளியோதரைப் பொடி இவைதான் பகல் நேரத்துக்குக் கவலையில்லாத வழி. பொடி கலந்த சோற்றை விடுதியிலேயே கட்டிக்கொண்டு போனால் தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட இடம் தேடிக்கொள்ளலாம்.

அப்பா எவ்வளவு நடக்க முடியும் என்று கவலைப்பட்டிருந்தீர்கள். பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி ஒரே தரைமட்டத்தில் இருக்கிறது, வாசலில் ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள். கட்டடம் முழுக்கச் சுற்றி நடந்தாலும் நம் ஊர்க் கோயில் பிரகாரம் இரண்டு சுற்று வருவதைவிட அதிகமில்லை, உட்கார நிறைய இடம் உண்டு.

அடுத்து ஹிரோஷிமா போவதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். அங்கே ஹிஜியாமா குன்றின் மேல் நகரத்தின் சமகாலக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1989இல் திறந்தது, சமகாலக் கலைக்கென்றே ஜப்பானில் அரசுத் தரப்பில் கட்டப்பட்ட முதல் அருங்காட்சியகம் அது. குரோகாவா கிஷோ வடிவமைத்தது. நுழையும் இடத்தில் வட்டமான முற்றம், அதற்கு வட்டமான கூரை. அந்த வட்டம் ஓரிடத்தில் வெட்டப்பட்டிருக்கும். அணுகுண்டு வெடித்த திசையை நோக்கி அந்த இடைவெளி விடப்பட்டிருக்கிறது. கனசாவாவின் வட்டத்தைப் பார்த்துவிட்டு அந்த வட்டத்தின் கீழ் நின்றால், ஒரே வடிவத்தை இரண்டு ஊர்கள் எத்தனை வேறு காரணங்களுக்காக எடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதை மகளிடம் சொல்லிப் புரியவைக்கலாம். ஆனால் அமைதி நினைவு அருங்காட்சியகம் பார்த்த அதே நாளில் அங்கே போக வேண்டாம். நினைவு அருங்காட்சியகம் பெரியவர்களையே உலுக்கிவிடும், ஒன்பது வயதுக் குழந்தைக்கு அதற்குப் பிறகு எதையும் பார்க்கத் தெம்பு இருக்காது. ஹிஜியாமாவை மறுநாள் காலைக்கு வையுங்கள், டிராமில் போய் நிதானமாகக் குன்று ஏறினால் போதும்.